கம்பிவேலிக்கு இந்தப்புறம்

அமெரிக்காவின் ஓஹயோவில், மூடிப்போன உலோக முலாம் பூசும் ஆலைக்கும் டெலோரஸ் பெட்ராக்கின் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். தூறலில் நனைந்தபடி நகராட்சி அலுவலர் கர்டிஸ் வேலியோரம் கடைசி மஞ்சள் கொடியை மண்ணில் அடித்து ஊன்றுகிறான். "இதுவரைக்கும்தான் விஷ மண்ணை அள்ளுவோம்மா. ஆலை இடத்துல புதுசா கடை வருதுல்ல, அந்த இடத்தைச் சுத்தம் பண்ண மட்டும்தான் வங்கி பணம் தருது." டெலோரஸ் தன் காலடி மண்ணைப் பார்க்கிறாள். சோதனையில் இங்கேயும் ஆலை மண்ணில் இருந்த அதே நச்சுக் குரோமியம்தான். மூன்று வருஷமாக அவள் தக்காளி போடவில்லை. "வீட்டை அந்தக் கடைக்காரங்களுக்கே வித்துட்டா?" "அப்ப இதையும் அள்ளிடுவாங்க." "நான் இங்க குடியிருக்கிறதுதான் இடைஞ்சல், இல்லையா தம்பி?" அவன் சுத்தியலைத் துடைக்கிறான். தூறல் வலுக்கிறது. வேலிக்கடியில் மஞ்சள் பாரித்த தண்ணீர் அவள் செருப்பை நோக்கி ஊர்ந்து வருகிறது. அவள் காலை நகர்த்தவில்லை.