தகரம் சுற்றிய புகைக்குழாய்

நாகலூர்ப் பனிமூட்டத்தில் எஸ்டேட் லாரி காத்து நிற்கின்றது. துருவேறி ஓட்டை விழுந்த அதன் புகைக்குழாயின்மேல், எண்ணெய் டின்னிலிருந்து வெட்டியெடுத்த தகரத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கின்றார் ஓட்டுநர் ஐயாக்கண்ணு. நேற்றுவரை உறுமிய வண்டி இன்று மெல்ல முனகுகின்றது. ஹாரனோ என்றோ பழுதாகிவிட்டது. ஏழு மணிக்குள் காப்பிப்பழம் பறிப்போரைக் கொண்டுசேர்க்காவிடில் எஸ்டேட் கணக்கரான ரைட்டர் இன்று அவர்களுக்கு வேலை தரமாட்டார். ஆறேமுக்காலாகியும் ஒருவரும் வரவில்லை. ஐயாக்கண்ணு வெறும் பாதையையும் கைக்கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்க்கின்றார். குடத்துடன் வந்த முத்தாயி லாரியைக் கண்டு திகைத்து நிற்கின்றாள். “ஏனுங்க, வண்டி எப்பங்க வந்துச்சு?” “அரை மணியாச்சு. ஊர்ல ஒருத்தரையும் காணோமே?” “எல்லாரும் ஊட்டுக்குள்ள வண்டிச் சத்தத்துக்குத்தானுங்க காத்திருக்கறாங்க. சத்தத்த எங்கீங்க உட்டுட்டு வந்தீங்க?” ஐயாக்கண்ணு குனிந்து புகைக்குழாயைப் பார்க்கின்றார், பின் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, குறட்டுடன் வண்டிக்கடியில் நுழைகின்றார். தகரம் கழன்று விழ, உறுமல் எழுகின்றது. பனிக்குள்ளிருந்து கூடைகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.