அரளி வைத்த இடம்

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ரோட்டு நடுவே சென்டர் மீடியனில் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் செடிகள் எலி கடித்த மாதிரி இருந்தன. மற்ற இடமெல்லாம் நூல் பிடித்தது போல இடுப்பளவுக்கு ஒரே மட்டம்.

"கத்தரியை உங்கிட்ட குடுத்தேனா, ஆட்டுகிட்ட குடுத்தேனான்னே தெரியலம்மா" என்றார் மேஸ்திரி. வண்டியிலிருந்து அரளிக் கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

வெட்டியது அவள்தான்.

அவளுடைய மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். புருஷன் பெண்டாட்டி பிரிந்தபோது சின்னதாக இருந்த பிள்ளை அப்பாவோடு போய்விட்டது. பார்க்க வந்து பிள்ளை மனசைக் கெடுக்காதே என்று நாத்தனார் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தவள்தான். ஆனால் பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

யார் யாரையோ பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, இந்த ரோட்டில் செடி பார்க்கிற வேலையை வாங்கிக்கொண்டாள். வேலைக்கு வந்த இடத்தில் பிள்ளை தானாகக் கண்ணில் பட்டால் யார் என்ன சொல்ல முடியும்?

நாள் முழுக்கப் புழுதிக்கும் புகைக்கும் பயந்து முகத்தைச் சுற்றித் துணி கட்டியிருப்பாள். சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் அதை அவிழ்த்துவிடுவாள். முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, செடிகளுக்கு நடுவே களை எடுக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள்.

மகள் எதிர் நடைபாதையில் வருவாள். நேர் எதிரே வந்ததும் நின்று, குனிந்து, ஷூ லேஸைக் கட்டுவாள்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நமக்காகத்தான் நிற்கிறாள். ஆனால் பாழாய்ப்போன செடி மறைத்தது. புத்தகப் பையின் மேல்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த இடத்தில் செடியை ஒட்ட வெட்டினாள்.

அன்றைக்கு மகள் நாலு எட்டு தள்ளிப் போய், உயரமாக இருந்த செடிக்குப் பின்னால் லேஸ் கட்டினாள்.

அங்கேயும் வெட்டினாள். மகள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னதில் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அம்மா தேடி வருகிறாளா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை அது. கள்ளி. இன்னும் அந்தப் புத்தி போகவில்லை.

அதற்கப்புறம் ரொம்ப நாளாகத் தொண்டையில் இறங்காத சாப்பாடு இறங்கியது. படுத்தால், நாளைக்கு எந்தச் செடிக்குப் பின்னால் ஒளிவாள் என்ற யோசனையிலேயே தூக்கம் வந்தது.

"இங்க எதுக்கு மேஸ்திரி அரளி? ஆள் உசரத்துக்கு வளந்துடுமே."

"அதுக்குத்தாம்மா. புள்ளைங்க ரோட்டைத் தாண்டுற எடத்தை மட்டும் விட்டுட்டு, மத்த எடத்துல நெருக்கமா வை." அவர் கையைத் தட்டி மண்ணை உதறினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பள்ளிக்கூடத்துல சொல்லிவிட்டிருக்காங்க. செடி வெட்டுற பொம்பள தெனம் என்னையே பாக்குறா, ஒளிஞ்சு ஒளிஞ்சு போனாலும் விட மாட்டேங்குறான்னு ஒரு பொண்ணு டீச்சர்கிட்ட அழுதுச்சாம். தெரிஞ்சவங்களான்னு கேட்டதுக்கு, யாருன்னே தெரியாதுன்னு சொல்லுச்சாம். ஊரான் வீட்டுப் புள்ளைய எதுக்கும்மா அப்படிப் பாக்குற?"

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். திரும்ப எடுத்தாள்.

மணி அடித்ததும் முகத்தைத் திறந்துகொண்டுதானே உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பார்த்தது இந்த முகத்தைத்தானே. மறந்துபோய் அப்படிச் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா? இரண்டில் எதைத் தாங்கிக்கொள்வது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

குழி தோண்டினாள். நர்சரியிலேயே மார்பளவு வளர்ந்து வந்த கன்றுகள். ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வைத்து, மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றினாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் கையில் குறை சொல்ல முடியாது. மேஸ்திரி கூடப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார்.

மணி அடித்தது.

அவள் துணியை அவிழ்க்கவில்லை. புதுக் கன்றுகளுக்குப் பின்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்றுகளுக்கு நடுவே விரலளவு சந்து இருந்தது.

மகள் வந்தாள். நேர் எதிரே வந்ததும் நின்றாள். அரளி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

குனியவில்லை.

முதுகை நிமிர்த்தி, கூட வந்த பெண்ணிடம் எதையோ சொல்லிச் சிரித்தபடி நடந்தாள். சடை முதுகில் ஆடியது.

இத்தனை நாளும் குனிந்த பிள்ளையைத்தான் அவள் பார்த்திருந்தாள். மகள் இவ்வளவு உயரமாகிவிட்டாள் என்பதே இப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்றால் தன் தோளைத் தாண்டியிருப்பாள்.

கையில் இன்னும் ஒரு கன்று மிச்சம் இருந்தது. அதை அந்தச் சந்தில் வைத்து, மண்ணை மிதித்து இறுக்கினாள்.