விசாரணை நடந்த தேதி

சட்டக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடம் பாடம் நடத்திய பேராசிரியை மரகதவல்லி, ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒன்றைத்தான் சொல்வார்: "எதிராளி சொல்றதைக் கேக்காம யாருக்கும் தண்டனை குடுக்கக் கூடாது." அவர் முதல்வரான மூன்றாம் வாரம் தாளாளரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. தாளாளரின் மைத்துனர் பெண்கள் விடுதிக்குள் நுழைந்தார் என்று புகார் கொடுத்த மாணவி செவ்வந்தியைக் கல்லூரியிலிருந்து நீக்கும் உத்தரவு அது. மரகதவல்லி கையெழுத்திட்டார்.

செவ்வந்தி அதை முதல்வர் அறையில் நின்றபடியே படித்தாள். "பதினாலாம் தேதி என்னை விசாரிச்சதா போட்டிருக்கு மேடம். அன்னிக்கு நாள் முழுக்க உங்களுக்குப் பாராட்டு விழா. தட்டுல மாலையை ஏந்திட்டு நின்னதே நான்தான்."

"மேலிடத்து முடிவும்மா. நகலை வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு." மரகதவல்லி பேனாவை அவளிடம் நீட்டினார்.

செவ்வந்தி கையெழுத்திட்டாள். அதன் கீழே, 'என்னை யாரும் விசாரிக்கவில்லை' என்று பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் திருத்தமாக எழுதிவிட்டுப் போனாள்.

மரகதவல்லி அந்த வரியைப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையில் ஒயிட்னரைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பூசி, சீக்கிரம் காயட்டும் என்று வாயால் ஊதினார்.