கோலுக்கு அடிடா!

"அடப்பாவிங்களா! ஒரு பந்துக்குப் பின்னால எட்டுப் பேரா ஓடுவாங்க?" தேவகிருபை பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

1951-ல் ராயபுரம் மைதானத்துக்குப் பெண்கள் ஆட்டம் பார்க்க வருவதே அபூர்வம். அவள் கூவிய கூச்சலில் கூட்டம் திரும்பிப் பார்த்தது. அருகில் அவளுடைய அப்பா பாக்கியநாதன், கால்பந்துப் பைத்தியம், வெற்றிலையை மென்றபடி ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்.

பச்சைச் சட்டை அணி அதற்குள் மூன்று கோல் வாங்கியிருந்தது. இடது ஓரத்தில் ஒருவன் தனியாக நின்று கையை ஆட்டினான். அவனுக்குப் பந்தைத் தர யாருக்கும் மனம் வரவில்லை. கோலுக்கு நேரே நின்றவனோ அடிக்காமல் பின்னால் தள்ளினான்.

"கோலுக்கு அடிடா! அங்க இன்னா, கோலமா போட்டுகினு கீறே?" தேவகிருபை மறுபடியும் கத்தினாள்.

பக்கத்திலிருந்த ஜாபர் பாய் சிரித்தார். "உடும்மா. இவனுங்களை நம்புனா பேஜாருதான்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில்தான் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தான். எதிரணி கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

தேவகிருபை துள்ளிக் குதித்தாள்.

"இன்னாம்மா, உன் டீம் அடிச்ச பந்தை அவன் புட்ச்சிட்டான். நீ குதிக்கிறே?"

"என் டீமா? அந்த கோல்கீப்பர்தான் பாய் என் ஆளு!" அவள் அப்பாவின் தோளை உலுக்கினாள். "பாத்தீங்களாப்பா? 'அவன் ஒரு பந்தாவது பிடிக்கட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசலாம்'னு சொன்னீங்களே!"

பாக்கியநாதன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பிடிச்சிட்டாம்லா! வாட்டி மவளே, மாப்பிள்ளைக்கு ஒரு சோடா வாங்கிக் குடுப்போம்."