ஒற்றை மணி

ஒற்றை மணி ஒலித்தது. டிரைவர் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தினார்.

காலையிலிருந்து இது ஆயிரத்தெட்டாவது நிறுத்தம். சரி, பதின்மூன்றாவது. அவருடைய கால்களைக் கேட்டால் ஆயிரத்தெட்டு என்றுதான் சொல்லும்.

“அப்பாடா!” என்று பின்னாலேயே வந்து மைல்கல்லில் சாய்ந்தாள் மனைவி. தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

பாவம், இவளுக்கு இந்த மலை ஒத்துக்கொள்ளவில்லை என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். நினைக்கத்தான் முடிந்தது. வாயைத் திறந்து சொல்ல மூச்சு மிச்சமில்லை.

இருபத்தெட்டு வருஷம் ஒரே பஸ். அவர் ஓட்டினார், அவள் டிக்கெட் கிழித்தாள். ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இடையில் பேச்சே கிடையாது. அதனால்தான் இவர்கள் கல்யாணம் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது என்று டிப்போவில் ஒரு பேச்சு உண்டு.

இருவரும் ஓய்வு பெற்றபின் சைக்கிளுக்கு மாறினார்கள். சட்டம் மாறவில்லை. அவர் முன்னால், அவள் பின்னால். மணி அவள் சைக்கிளில் மட்டும். தன் சைக்கிளின் மணியை அவர் வாங்கிய அன்றே கழற்றிவிட்டார். டிரைவருக்கு எதற்கு மணி? திரும்பிப் பார்ப்பதும் டிரைவர் வேலையில்லை.

இரண்டு மணி ஒலித்தது. கிளம்பினார்.

மூன்று ஏரிகளையும் சுற்றிப் போகும் பழைய மலைச்சாலை அது. அந்தப் பக்கம் மலையைக் குடைந்து புதுச்சாலை போட்டபிறகு இங்கே வண்டிகள் எட்டிப் பார்ப்பதில்லை. காலையிலிருந்து எதிரே வந்தது ஒரே ஒரு பால் வண்டி. அதுவும் வழி தவறி வந்தது. ஏரியில் மீன் கொட்டாவி விட்டால் மேலே சாலையில் கேட்கும், அவ்வளவு அமைதி.

ஆனால் அந்த மேடு இருக்கிறதே! சுவருக்குத் தார் பூசிவிட்டு அதற்குச் சாலை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஏரியிலேயே தன் தொடைகள் இரண்டும் கழன்று விழுந்துவிட்டதாக டிரைவருக்குச் சந்தேகம். குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளவும் தெம்பில்லை.

ஆனாலும் அவராக நிற்க முடியாது. நின்றால் வீடு போய்விடும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் டாக்டர்கள் அவர் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைத்தார்கள். அன்றிலிருந்தே மகள் தன் வீட்டுப் பின்னறையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைகூட மாட்டியாகிவிட்டது. எனக்கென்ன, நான் இரும்புத் தூண் என்று இவர் குதித்தார். கடைசியில் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“மூணு ஏரியையும் சுத்தி வாங்கப்பா. உங்களுக்கு முடியலன்னு ஒரு தடவை நின்னாலும் வீட்டைப் பூட்டிட்டுப் பெட்டியோட இங்க வந்துடணும். அம்மாவுக்காக நின்னா பரவாயில்ல.”

சாட்சி அம்மாதான். அதில் அப்பாவுக்கும் மகளுக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. டிக்கெட் எடுக்கவில்லை என்று சொந்தத் தம்பியையே கொட்டும் மழையில் இறக்கிவிட்ட கண்டக்டர் அவள். பொய் அவள் வாயில் வராது.

மத்தியானம்கூட மகள் போன் செய்து விசாரித்தாள். “எனக்குத்தாண்டி முடியல. உங்கப்பா குதிரை மாதிரி போறாரு” என்றாள் அம்மா. குதிரை அப்போது மரத்தடியில் மல்லாந்து கிடந்தது.

இப்போது மூன்றாவது ஏரிக்கு மேலே, கடைசி மேடு.

வெயில் சாய்ந்துவிட்டது. டிரைவர் மிதித்தார். சக்கரம் நகர்ந்ததா, மலை பின்னால் நகர்ந்ததா தெரியவில்லை. வளைவு வந்தது. மணி வரவில்லை. இன்னொரு வளைவு வந்தது. அப்போதும் வரவில்லை.

மூச்சு இரண்டாக உடைந்தது. பூப்போட்ட திரை கண்முன் ஆடியது.

அடித்துத் தொலையேன், தாயே, என்று மனசுக்குள் கெஞ்சினார்.

இன்னும் நாலு மிதி. மூன்று. கைகள் தாமாகவே பிரேக்கைத் தேடிப் போயின.

ஒற்றை மணி ஒலித்தது.

டிரைவர் சைக்கிளைச் சாய்த்த வேகத்தில் தானும் சாலையோரத் தடுப்பில் சாய்ந்தார். “அப்பாடா!” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் மனைவி.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் ஞாபகம் வந்தது. அவர் பாட்டில் காலி. வழியில் கண்ட குழாயிலெல்லாம் நாலைந்து தடவை நிரப்பியும் காலி. அவள் கூடையிலிருந்ததை எடுத்தார். காலையில் முதல் ஏரிக்கரைக் கடையில் ஆளுக்கொன்றாக வாங்கிய பாட்டில்.

மூடியைத் திருகினார். வரவில்லை. அழுத்தித் திருகினார். படபடவென்று சீல் உடைந்தது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. காலையில் தேய்த்துப் போட்ட சட்டையின் மடிப்பு முதுகில் கலையாமல் இருந்தது.

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பாதித் தண்ணீரைக் குடித்தார். மூடியைப் பழையபடி இறுக்கிக் கூடையில் வைத்தார். மேட்டின் உச்சி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

“கிளம்பலாமா?” என்றாள். கட்டைவிரல் மணிமேல் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் உட்காருவோம், கண்டக்டரம்மா” என்றார் அவர். “உனக்கு முடியல.”

“ஆமா” என்றாள் அவள், ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு முடியல.”