மேடம் எழுதிக் கொடுத்த நாலு எழுத்து

புஷ்பமேரி பர்ஸிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்பு நீக்கி, மேசை மேல் வைத்தாள்.

மருந்துக் கம்பெனி பெயர் அச்சடித்த துண்டுத் தாள். அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் பி.சி.எம்.பி. என்று மட்டும் எழுதியிருந்தது.

மாதேஸ்வரன் சார் அதைப் பார்த்தார். பிறகு எதிரில் திறந்து கிடந்த பதினோராம் வகுப்பு அட்மிஷன் நோட்டைப் பார்த்தார். கிளார்க் டீ குடிக்கப் போயிருந்ததால் அறையில் வேறு யாரும் இல்லை.

"பிளசிக்கு இதையே போட்டுடுங்க சார். நான் பெங்களூர்ல வேலை செய்யற வூட்டு மேடம் எழுதிக் குடுத்தாங்க. அவங்க டாக்டருங்க. இத எடுத்தாத்தான் நர்சுக்குப் போவ முடியுமாம்."

பிளசி வாங்கியது நானூற்று முப்பத்தெட்டு மார்க். பத்தாவதில் சாரிடம்தான் அறிவியல் படித்தாள். இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மேலே எண்ணி மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அவள் வராததற்குக் காரணம் உண்டு. மேடம் நல்லவர்தான், ஆனால் ஒரு நாள் லீவு என்றால் முகம் சுருங்கிவிடும். அதனால் இன்றைக்கு அம்மாவுக்குப் பதிலாக மகள் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கென்று இருந்த ஒரே போனும் அவளிடம்தான் இருந்தது.

ஃபர்ஸ்ட் குரூப்பில் இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி. நோட்டில் அந்தக் கடைசி வரியில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது.

அது இந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். யாராவது சொல்லிவைத்தால் பென்சில். ஆள் வந்து கையெழுத்துப் போட்டால் பேனா. நடுவில் கூடுதல் மார்க்கோடு யாராவது வந்து கேட்டால் பென்சிலை அழித்துவிட வேண்டும்.

கேட்டால்.

பென்சிலில் இருந்த பெயர் முருகன். முந்நூற்று ஆறு மார்க். சாருடைய சம்சாரம் பாரதியின் அண்ணன் மகன். காலையிலிருந்து பாரதி மூன்று தரம் போன் செய்துவிட்டாள். மூன்றாவது தரம் பேசிய பேச்சில், ராத்திரி சோறு கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

சார் மறுபடியும் அந்த நாலு எழுத்தைப் பார்த்தார்.

இங்கே நாம் ஃபர்ஸ்ட் குரூப், செகண்ட் குரூப், தேர்ட் குரூப் என்று நம்பர் போட்டுக் கூப்பிடுகிறோம். ஓசூரைத் தாண்டினால் அந்த நம்பர் செல்லாது. அங்கே பாடங்களின் முதலெழுத்தைக் கோத்துச் சொல்வார்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி. நம்ம ஊர் ஃபர்ஸ்ட் குரூப்பும் அதே நாலு பாடம்தான். பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் பெயர் மாறிவிடுகிறது, அவ்வளவுதான்.

'ரெண்டும் ஒண்ணுதாம்மா' என்று சொன்னால் போதும். மூச்சு வாங்காமல் சொல்லிவிடலாம்.

"இந்தப் பேர்ல நம்ம ஸ்கூல்ல ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார் சார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சார் அதைத் தனக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்?

புஷ்பமேரி சண்டை போட்டிருந்தால் தேவலை. அவள் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று பார்த்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்குமா என்று கேட்டாள். இந்தப் பக்கம் எங்கே போனாலும் இந்தப் பேரில் இருக்காது என்றார். அதுவும் பொய்யில்லை.

பெங்களூரில் சேர்க்கலாம்தான். அங்கே கேட்கிற ஃபீஸுக்கு அவள் இன்னும் நாலு பிறவி எடுத்துப் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

கடைசியில் அவள், இருக்கிறதில் ஒன்றைச் சாரே பார்த்துப் போட்டுவிடச் சொன்னாள். மூன்று மணி பஸ்ஸை விட்டால், நாளைக்கும் பிளசிதான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

தேர்ட் குரூப் என்று சார் பேனாவால் எழுதினார். கணக்குப் பதிவியல், வணிகவியல். படித்தால் பேங்க்கில் வேலை கிடைக்கும் என்று ஆறுதலும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

காட்டிய இடத்தில் அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன மைசூர்பாகு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். பாஸானதற்குப் பிளசி கொடுத்தனுப்பியது. வேண்டாம் என்று சாரால் சொல்ல முடியவில்லை.

வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"பிளசிதாங்க சார், இத எடுத்துட்டுப் போய் உங்ககிட்டயே காட்டச் சொன்னா. சாரு அந்தப் பக்கம் இதேதான் படிச்சாராம், கிளாஸ்ல ஒரு நா சொன்னாராம். எனக்குத்தாம்மா தெரியல, சாரு பார்த்தாலே தெரிஞ்சிக்குவாருன்னா. சின்னப் புள்ளைங்க, எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிச்சு. மனசுல வெச்சிக்காதீங்க."

கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள்.

காகிதம் மேசையிலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் போன் அடித்தது. பாரதி.

சார் போனை எடுத்து, "ஆச்சு" என்றார்.