குனியாத ஸ்பிரிங்

நெல்சனின் பைக்கில் பின்சக்கரத்துக்குப் புது ஸ்பிரிங் வந்தது. காட்டுப் பாதைக்கு விறைப்பாக இருந்தால்தான் நல்லது என்று, அதைக் கடைசி மரை வரை முறுக்கிவிட்டார். அதிலிருந்து ஸ்பிரிங்குக்குத் தலைகால் புரியவில்லை.

"கல்லுக்குக் கல்லு குனியுறியே, வெட்கமா இல்லையா?" என்று முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கேட்டது.

"குனிவேன். அதுதான் என் வேலை. நீ யாரு கேக்க?" என்றது ஃபோர்க்.

ஓடைக் கற்களில் பைக் இறங்கியது. ஸ்பிரிங் குனியவே இல்லை. பின்சக்கரம் எகிறி, நெல்சன் முள்ளுக்குள் போய் விழுந்தார். எழுந்தவர் ஸ்பேனரை எடுத்து, ஸ்பிரிங்கை நாலு சுற்றுத் தளர்த்தினார்.

அடுத்த கல்லில் அது மெத்தென்று அமுங்கி எழுந்தது. சுகமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லுமா?

"என்ன தம்பி, குனிஞ்சாச்சா?" என்றது ஃபோர்க்.

"யாரு, நானா? அந்தக் கல்லுதான் என்னை எக்கிப் பார்த்துச்சு."